பெயரும் தெருவும்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அக்கா. என் வீட்டு முகவரியை ஜெபசெல்வி உங்களிடம் கொடுத்தது தப்பு. நீங்கள் வந்ததைத் தப்பு என்று சொல்லவில்லை. உட்காருங்கள், ஃபேனுக்கு நேராக உட்காருங்கள், வெயிலில் வந்திருக்கிறீர்கள். ஆனால் ஒருத்தியின் தெருவையும் வீட்டையும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தெரியாதவர்களுக்குச் சொல்லலாமா? நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? கல்லூரியில் மூன்று வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள். அவளுக்கே என்மேல் அக்கறை இல்லை பாருங்கள்.

போனை மேசைமேலேயே வையுங்கள். பதிவு செய்வதென்றால் செய்துகொள்ளுங்கள். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. அண்ணன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து சாப்பிட வர இரண்டு மணி ஆகும். அதற்குள் பேசி முடித்துவிடலாம். நான் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவேன். எனக்குக் குரலே அவ்வளவுதான்.

அம்மா காபி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், எடுத்துக்கொள்ளுங்கள். பேப்பர் கப் என்று நினைக்காதீர்கள். வெளியாட்களுக்கு அதுதான் சுத்தம் என்பாள் அம்மா. ஜெபசெல்விக்கு டம்ளரில் கொடுப்பாள், அவள் அடிக்கடி வருகிறவள். அது வேறு.

பிரகதிக்கு நீங்கள் அம்மா முறை என்று ஜெபசெல்வி சொன்னாள். பெற்ற அம்மா இல்லை, தத்தெடுத்த அம்மா. உங்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நான் படித்திருக்கிறேன். நான் நிறையப் படிப்பேன். உங்களைப் பற்றி எனக்கு எந்தத் தப்பான எண்ணமும் கிடையாது. அதனால்தான் இந்த விவாதத்தையே நான் ஆரம்பித்தேன்.

சரி, ஊர்மேடையைப் பற்றிச் சொல்கிறேன்.

பேஸ்புக்கில் நம் ஊருக்கு என்று ஒரு குழு. மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் ஜெபசெல்வியும் தொடங்கினோம். அவளுக்கு வேலை கிடைத்ததும் ஒதுங்கிவிட்டாள். நான் மட்டும்தான் இப்போது அட்மின். பதினாலாயிரம் பேர். கல்லூரியில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' என்று சொன்னால்கூட மேடத்துக்குக் கேட்காது. உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்டவள் பதினாலாயிரம் பேரை வைத்துக் கட்டுக்கோப்பாக ஒரு குழுவை நடத்துகிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்தான் நடத்துகிறேன் என்று ஜெபசெல்வியைத் தவிர யாருக்கும் தெரியாது. அட்மின் என்ற பெயரில்தான் எழுதுவேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் யாரோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'அட்மின் சார், உங்கள் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன்' என்று எழுதுவார்கள். அண்ணனே ஒருநாள் சாப்பிடும்போது, "அந்த அட்மின் சார் கெட்டிக்காரன்மா. எவன் பேச்சுக்கும் மசிய மாட்டேங்கான்" என்றான். நான் தலையைக் குனிந்து சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. முதல் வரியில் பெயர், தெரு. அது இல்லாமல் எழுதினால் சேர்க்க மாட்டேன். தண்ணீர்க் கஷ்டம் வந்தபோது கொண்டுவந்தது. எங்கள் தெருவில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று ஒருவன் எழுதுவான், அவன் சென்னையில் உட்கார்ந்திருப்பான். பெயரும் தெருவும் கேட்க ஆரம்பித்த பிறகுதான் பொய் நின்றது. கவுன்சிலர்களே பார்த்துத் தெருத்தெருவாக லாரி அனுப்பினார்கள். உண்மையைச் சொல்கிறவனுக்குத் தெருவைச் சொல்ல என்ன பயம்? அப்படித்தான் நான் எழுதினேன். எழுநூறு பேர் லைக் போட்டார்கள்.

இன்னொன்று, கெட்ட வார்த்தைப் பட்டியல். அறுபத்திரண்டு வார்த்தைகள். அதில் ஒன்று இருந்தாலும் கருத்து தானாகவே நின்றுவிடும். கூச்சப்பட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக நானே தட்டச்சு செய்தேன்.

அந்த விவாதம் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது. புது பஸ் ஸ்டாண்டில் ஒரு கடையைத் திருநங்கையர் குழுவுக்கு ஒதுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. உங்களுக்குத் தெரியாததா, நீங்கள்தானே மனு கொடுத்தது. உள்பெட்டியில் ஒரே கூச்சல். எல்லாரும் அங்கங்கே கத்துவதைவிட ஒரே இடத்தில் நாகரிகமாகப் பேசட்டும் என்று நான்தான் தலைப்பு வைத்தேன். 'திருநங்கையருக்குத் தனி ஒதுக்கீடு: சட்டம் எல்லாருக்கும் சமமா?' நல்ல தலைப்பு இல்லையா? ஆதரவு, எதிர்ப்பு என்று வாக்கெடுப்பும் வைத்தேன். இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்பதில் நான் கண்டிப்பு. எதிர்ப்பில் பத்து வந்தால் ஆதரவில் பத்து வரும்வரை அடுத்ததைச் சேர்க்க மாட்டேன். ஆனால் ஆதரவில் மூன்று பேருக்கு மேல் யாரும் எழுதவில்லை. எத்தனை நேரம்தான் பத்துப் பேரைக் காக்க வைப்பது? பிறகு சேர்த்துவிட்டேன்.

எழுதினவர்கள் எல்லாரும் விதிப்படிதான் எழுதினார்கள். 'இவர்களுக்குக் கடை கொடுத்தால் நம் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில் எப்படி நிற்பார்கள்?' 'இரண்டு பேருக்குச் சரியாகக் கொடுத்தால் மற்றவர்கள் தானாக ஊரைக் காலி செய்வார்கள்.' 'கை கால் இருந்தால்தானே கை தட்டுவார்கள்?' அதில் கெட்ட வார்த்தை எது, சொல்லுங்கள்? ஒன்றுகூட இல்லை. சிலர் உங்களைக் கேலியாகச் சொல்வார்களே, அந்த ஒரு எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போனார்கள். எண்ணைப் போய் நான் பட்டியலில் சேர்க்க முடியுமா? தெருவிளக்குக் கம்பத்து எண்ணெல்லாம் எழுதுகிற இடம் அது.

பிரகதி சனிக்கிழமை காலையில் எழுதினாள். பெயர் இருந்தது, தெரு இல்லை. நான் திருப்பி அனுப்பினேன். உடனே உள்பெட்டிக்கு வந்தாள். அந்த உரையாடல் எனக்கு மனப்பாடம்.

"சார் வணக்கம். தெரு போடாம விட முடியுமா?"

"விதி எல்லாருக்கும் ஒன்றுதான்."

"புரியுது சார். ஆனா நான் குடியிருக்கிற தெருவுல நான் திருநங்கைன்னு யாருக்கும் தெரியாது. ஹவுஸ் ஓனருக்கும் தெரியாது. மாடியில உக்காந்து டைப்பிங் வேலை பாத்துட்டு என்பாட்டுக்கு இருக்கேன். தெரிஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"அப்படியானால் எழுதாமல் இருக்கலாமே."

"எங்களைப் பத்தி நூத்துக்கணக்கான பேரு பேசுறாங்க. எங்க ஆளு ஒருத்தர்கூட அதுல இல்ல. நான் பேசக் கூடாதா சார்?"

"தாராளமாகப் பேசலாம். பெயரும் தெருவும் போட்டுவிட்டு."

"அவங்க தெருவைப் போட்டா அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் போட்டா என் மண்டை உடையும். இது எப்படி சார் ஒரே விதி?"

நன்றாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன் அக்கா. ஆனால் ஒருத்திக்கு விட்டால் நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிற்பான். அட்மின் சாரும் விலைபோய்விட்டார் என்பார்கள். 'சமம் என்று நீங்கள்தானே கேட்கிறீர்கள், விதியிலும் சமமாக இருங்கள்' என்று எழுதினேன். அந்த வரி எனக்கு அப்போது மிகவும் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்கு எழுதிவிட்டாள்.

'பிரகதி, பஞ்சுக்கிட்டங்கித் தெரு. பி.காம். படித்திருக்கிறேன். பதினோரு இடத்துக்கு நேர்முகத்துக்குப் போனேன். பத்து இடத்தில் என் சான்றிதழைப் பார்க்காமல் என் தொண்டையைப் பார்த்தார்கள். கடையைச் சலுகை என்கிறீர்கள். அந்தக் கடையில் நான் டீ போட்டுக் கொடுத்தால் உங்களில் எத்தனை பேர் வாங்கிக் குடிப்பீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள். பிறகு சட்டத்தைப் பேசலாம்.'

நான் உடனே சேர்த்தேன். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

காபி ஆறிவிட்டது பாருங்கள். குடிக்கவில்லையா?

பத்து நிமிஷத்தில் அறுபது பதில். கருத்துக்குக் கீழே போடுகிற பதில்கள் என்னிடம் வராமல் நேரே வெளியே போய்விடும். 'பஞ்சுக்கிட்டங்கித் தெருவா? அது எங்கள் தெருவாச்சே.' 'மாடியில் ஒண்டிக்கட்டையாக ஒருத்தி இருக்கிறாளே, துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அதுவா?' 'அடப்பாவி, என் பெண்டாட்டி அதுகிட்ட இட்லி மாவு கொடுத்திருக்கா.' ஒருவன் வீட்டின் படத்தையே போட்டுவிட்டான். கைப்பிடியில் காயப்போட்ட நைட்டி உட்பட. பிரகதி திரும்ப எழுதினாள், 'எங்களை நாயைவிடக் கேவலமாக நடத்துகிறீர்கள்' என்று. நாய் என் பட்டியலில் இருபத்து மூன்றாவது வார்த்தை. தானாகவே நின்றுவிட்டது. நான் வேண்டுமென்று நிறுத்தவில்லை. அதன்பிறகு அவள் எழுதவில்லை.

மூன்றரைக்கு ஒருவர், 'இன்றைக்கே பார்த்துவிடலாம்' என்று எழுதினார். பெயர், தெரு எல்லாம் சரியாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு பதில். 'தாமோதரன்.' பிறகு எங்கள் தெருப் பெயர். பிறகு, 'வண்டி ரெடி. எத்தனை பேர் வர்றீங்க?'

என் அண்ணன்.

அவன் அடுத்த அறையில்தான் இருந்தான். நடுவில் இந்தச் சுவர்தான். அவன் போனில் கட்டைவிரல் படுகிற சத்தம்கூடக் கேட்கும். எங்கள் தெருப் பெயர் பதினாலாயிரம் பேருக்கு முன்னால் கிடக்கிறது! அம்மா இருக்கிற வீடு, வயசுப்பெண் நான் இருக்கிற வீடு. நாளைக்கு யாராவது கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தால்? உடனே அந்தக் கருத்தை நீக்கினேன். காரணம் போட வேண்டும் இல்லையா, 'விவாதத்துக்குத் தொடர்பில்லாத வாகனத் தகவல்' என்று போட்டேன்.

கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்களா? அண்ணா என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று? அக்கா, நான் அண்ணனிடம் எதிர்த்துப் பேசியதே இல்லை. பத்தாவது படிக்கும்போது ஒரு தடவை பேசினேன். இதோ, காதுக்குப் பின்னால், முடியை விலக்கினால் தெரியும். பேன் சீப்பு. அதை விடுங்கள். அவன் சட்டை மாட்டுகிற சத்தம் கேட்டது. "அம்மா, வெளிய போய்ட்டு வாரேன்" என்றான். "டீ குடிச்சிட்டுப் போடா" என்றாள் அம்மா. குடித்துவிட்டுத்தான் போனான். பொறுமையாக ஊதி ஊதிக் குடித்தான். அந்த ஐந்து நிமிஷமும் நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பிரகதிக்கு ஒரு வரி எழுதலாம் என்று உள்பெட்டியைத் திறந்துகூட வைத்தேன். ஆனால் அட்மின் ஒரு பக்கம் சாயக் கூடாது.

வண்டி கிளம்பிவிட்டது.

ஐந்தேகாலுக்கு ஒரு வீடியோ குழுவுக்கு வந்தது. எந்த வீடியோவும் நான் பார்த்துச் சேர்த்தால்தான் வெளியே தெரியும். ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டு விநாடி. போலிக் கணக்கு. பெயர் இல்லை, தெரு இல்லை. பார்க்காமலே நிராகரித்திருக்கலாம். ஆனால் முழுவதும் பார்க்காமல் எதையும் முடிவு செய்வதில்லை என்பது என் பழக்கம். பார்த்தேன்.

நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சொல்லட்டுமா? சொல்கிறேன்.

மாடிப்படியில் முடியைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். ஒவ்வொரு படியிலும் தலை இடிக்கிறது. அந்தச் சத்தம் தேங்காய் உடைப்பது மாதிரி இருக்கும் என்று நினைப்போம் இல்லையா, அப்படி இல்லை. மந்தமாக இருக்கிறது. மூட்டை விழுகிற மாதிரி. கீழே கொண்டுவந்ததும் ஒருவன் வாயிலேயே உதைக்கிறான். பல் ஒன்று தெறித்து சைக்கிள் சக்கரத்துக்கு அடியில் போய் விழுகிறது. இன்னொருவனிடம் கிரிக்கெட் ஸ்டம்ப். முதுகில், முட்டியில், மறுபடி முட்டியில். "சட்டம் பேசுவியா? பேசு, சட்டம் பேசு" என்கிறான். பேச வாய் எங்கே இருக்கிறது. எதிர்வீட்டில் ஒரு பெண் கதவைச் சாத்துகிறாள். ஒருவன் கத்தரிக்கோலால் தலைமுடியை வெட்டுகிறான், காதின் நுனியும் சேர்ந்து வருகிறது. யாரோ சிரித்துக்கொண்டே, "டீ போட்டுக் குடுப்பியாமே, எங்க, கையக் காட்டு" என்கிறான். வலது கையைத் தரையில் விரித்துவைக்கிறார்கள். ஒரு கால் வந்து அந்தக் கையின்மேல் ஏறி நிற்கிறது. நின்று திரும்புகிறது. சிகரெட்டை அணைப்பார்களே, அப்படி.

முகம் தெரியவில்லை. கால் மட்டும்தான். பழுப்பு நிறச் செருப்பு. இடது வார் அறுந்து நீல நூலால் தைத்திருக்கிறது.

நூறு பேரிடம் இருக்கும் அந்த மாதிரிச் செருப்பு. எங்கே பார்த்தாலும் விற்கிறான்.

இல்லை அக்கா, நான் அழவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வடிகிற தொந்தரவு உண்டு.

வீடியோவை நிராகரித்தேன். காரணம், 'பெயர், தெரு இல்லை.' அண்ணன் ஆறு மணிக்கு வந்தான். வாசலிலேயே காலைக் கழுவினான். "கூட்டமா இருந்துச்சும்மா, நான் வண்டி மட்டுந்தான் ஓட்டிட்டுப் போனேன், தூரத்துல நின்னேன்" என்று ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவிடம் சொன்னான். அம்மா அவனுக்கு இன்னொரு தோசை போட்டாள். வண்டி மட்டும்தான் ஓட்டினான். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

மறுநாள் விவாதத்தையே நீக்கிவிட்டேன். ஊர் அமைதிக்காக. எல்லாரும் நன்றி சொன்னார்கள். வாக்கெடுப்பு முடிவு மட்டும் போட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நீக்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். அண்ணனுடையதையும் அந்த வீடியோவையும் ஞாயிற்றுக்கிழமையே எடுத்து வைத்துவிட்டேன். எதையும் ஆதாரம் இல்லாமல் அழிக்க மாட்டேன். இந்த போனில்தான் இருக்கிறது.

தெரியும் அக்கா. ஜெபசெல்வி சொன்னாள். போலீஸ் பிடித்த இரண்டு பேருக்கும் நாளைக்கு ஜாமீன் விசாரணை. குடிபோதையில் நடந்த தெருச் சண்டை என்று எழுதியிருக்கிறார்கள். முன்கூட்டியே கூடிப்பேசிப் போனார்கள் என்று காட்ட இது ஒன்றுதான் வழி என்கிறீர்கள். பிரகதிக்குத் தாடையில் கம்பி, வலது கையில் மூன்று விரல் இனி மடங்காது, டைப்பிங் வேலை போயிற்று. எனக்கு வருத்தம் இல்லையா? ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கக்கூட நினைத்தேன். வார்டில் கூட்டமாக இருக்கும், எனக்குக் கூட்டம் ஆகாது.

என்ன இது? இடது கையால் எழுதினதா? எழுத்தெல்லாம் கோணல்மாணலாக... 'அட்மின் சார் யாருன்னு பாத்துட்டு வாம்மா.'

இதை ஏன் என்னிடம் காட்டுகிறீர்கள்.

நான் தப்பு ஒன்றும் செய்யவில்லை. அவள் கேட்டாள், நான் பதில் சொன்னேன். விதியை அவளுக்காக மாற்றவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு எதிராகவும் மாற்றவில்லை. இத்தனை நேரமும் எதையாவது மறைத்தேனா? எல்லாவற்றையும் உங்கள் போன் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டும் தருகிறேன், அண்ணனுடையதை மட்டும் விட்டுவிட்டு. அது நியாயம்தானே? அவன் தூரத்தில் நின்றான்.

ஐயோ, வண்டிச் சத்தம். மணி ஒன்றேகால்கூட ஆகவில்லையே. அவன் இந்த நேரத்துக்கு வர மாட்டான்.

என்ன? என்ன கேட்கிறீர்கள்? கடைசியாக என் பெயரையும் தெருவையும் சொல்ல வேண்டுமா? யார் பேசியது என்று தெரியாவிட்டால் இந்தப் பதிவு எங்கேயும் செல்லாதா?

அக்கா, அது மட்டும் வேண்டாம். உங்களுக்குப் புரியவில்லை. நான் யார் என்று தெரிந்தால் என்ன ஆகும்? இந்தத் தெருவில் நாங்கள் குடியிருக்கிறோம். அவன் கூட்டாளிகள் பதினைந்து பேர் இருக்கிறார்கள், வெளியில் திரிகிறார்கள். நான் ஒரு பெண், இந்த வீட்டுக்குள் என்பாட்டுக்கு இருக்கிறேன். ஒருத்தியின் பெயரையும் தெருவையும் இப்படிக் கேட்கலாமா? அட்மின் என்று போட்டுக்கொள்ளுங்களேன். எல்லாருக்கும் அது தெரிந்த பெயர்தானே.

மெதுவாகப் பேசுங்கள். அம்மா கதவைத் திறக்கிறாள். செருப்பைக் கழற்றுகிறான்.

எழுந்துவிட்டீர்களா? சரி, போய்விடுங்கள். யார் என்று கேட்டால் கணக்கெடுக்க வந்தேன் என்று சொல்லுங்கள். அவன் உள்ளே கைகழுவப் போனதும் படியிறங்குங்கள். நேராகப் பார்த்து இறங்குங்கள் அக்கா, இடது பக்கம் பார்க்காதீர்கள். அந்த நூல் நான் தைத்தது. வீட்டில் நீல நூல்தான் இருந்தது.

போனை ஏன் வாசல் பக்கம் திருப்புகிறீர்கள்?